டீப் கிளீனிங் முடிந்த பிறகு: முதல் மணி நேரம் முதல் மூன்றாம் மாதம் வரை

பல்லுக்கு டீப் கிளீனிங் முடிந்து வீடு திரும்பியதும் நாக்கு முதலில் தேடிப் போவது கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைத்தான். நேற்றுவரை ஒரே சுவராக இருந்த இடத்தில் இன்று பல்லுக்குப் பல் சந்து தட்டுப்படும். தண்ணீர் பட்டால் கூசும். ஒன்றிரண்டு பல் லேசாக ஆடுவதுபோலவும் தோன்றும். "நல்லா இருந்த பல்லைச் சுரண்டி ஆட்டி விட்டுட்டாங்க" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான்.

அந்தச் சுவர் பல் அல்ல, காரை. வருஷக்கணக்கில் படிந்து கல்லாகி, பலமிழந்த பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தது. அது போனதும் பல்லின் உண்மையான நிலை வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறும் வற்றுவதால் சந்து இன்னும் பெரிதாகத் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து அந்தப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோகாமல் விடுகிறார்கள் பாருங்கள், சிகிச்சை வீணாவதற்கு அதுதான் முதல் காரணம்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

சாதாரண கிளீனிங்கில் ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுப்பார்கள். டீப் கிளீனிங்கில் ஈறுக்குக் கீழே, வேரின் மேல் ஒட்டியிருப்பதை எடுக்கிறார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஆரோக்கியமான வாயில் 1 முதல் 3 மி.மீ. ஆழம் இருக்கும். எலும்பு தேய்ந்து ஈறு பிடிவிட்ட இடங்களில் அது 4, 5, சிலருக்கு 7 மி.மீ.க்கும் மேலே போகும். இதைத்தான் டாக்டர்கள் பாக்கெட் என்கிறார்கள். மரப்பு ஊசி போட்டு, அதிரும் கருவியாலும் கைக்கருவியாலும் அந்தப் பாக்கெட்டின் அடிவரை சுத்தம் செய்வார்கள். ஒரே நாளில் முழு வாயையும் செய்வது உண்டு. கால் கால் பகுதியாகவோ பாதிப் பாதியாகவோ செய்வதும் உண்டு.

தையல் இல்லாததால் கண்ணுக்குப் புண் தெரியாது. ஆனால் ஈறின் உட்சுவர் முழுக்கப் பச்சைப் புண்தான். அதில் ரத்தம் உறைந்து, ஒன்று இரண்டு வாரங்களில் மெல்லிய தோல் வளர்ந்து வேரோடு ஒட்டும். அடியில் உள்ள நார்த்திசு உறுதிப்பட நான்கு முதல் ஆறு வாரம், ஆழமான இடங்களில் அதற்கு மேலும் ஆகும். சுத்தமான வேரில்தான் ஈறு ஒட்டும், அழுக்கு படிந்த வேரில் ஒட்டாது. கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அடிப்படை இதுதான்.

மரப்பு தெளியும்வரை

கீழ்த்தாடையில் போட்ட ஊசியால் பாதி உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும். மேல்தாடை கொஞ்சம் சீக்கிரம் தெளியும். அதுவரை மென்று சாப்பிட வேண்டாம். உதட்டைக் கடித்தது மரப்பு போன பிறகுதான் தெரியும், அதற்குள் அது பெரிய புண்ணாகியிருக்கும். சூடான காப்பியும் அப்படியே, நாக்கு சுடுவது தெரியாமல் குடித்துவிடுவோம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. ஆறிய கஞ்சி, மோர் போன்றவற்றைத் தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சும் இழுப்பில் ரத்தக்கட்டி கலையும். அடிக்கடி காறித் துப்புவதும் அதே வேலையைத்தான் செய்யும், எச்சிலை விழுங்கிவிடுங்கள்.

எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது ஒன்று இரண்டு நாளுக்குச் சகஜம். ஒரு துளி ரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கிவிடும், அதனால் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். ரத்தம் தனியாக ஊறி வடிகிறது என்றால் மட்டும் சுத்தமான காஸ் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மடித்து, அந்த ஈறின் மேல் வைத்து விரலால் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். பஞ்சு வேண்டாம், அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

வலி பொதுவாக லேசாகத்தான் இருக்கும். மரப்பு முழுக்கப் போவதற்கு அரை மணி முன்பே ஒரு பாராசிட்டமால் போட்டால் வலி அவ்வளவாக ஏறாது. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத்தான் எடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கசிகிறதே என்று தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஈறுக் கசிவை விரலால் அழுத்தி நிறுத்தலாம், இதயத்தில் அடைப்பு வந்தால் அப்படிச் செய்ய முடியாது.

அன்று இரவும் அடுத்த இரண்டு நாளும்

அன்று இரவே பல் துலக்க வேண்டும். சிகிச்சை செய்யாத பக்கத்தை வழக்கம்போலத் துலக்குங்கள். செய்த பக்கத்துக்கு மென்மையான தூரிகை உள்ள பிரஷ்ஷை வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்து இன்னும் இளக்கி, பல்லின் மேல் பாகத்தையும் ஈறு ஓரத்தையும் வருடுவதுபோல் துலக்கினால் போதும். பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதில் தொடங்குவது நல்லது. முடி விரிந்த பிரஷ் ஈறைக் குத்தும், சந்தில் போகாது.

உப்புத் தண்ணீர்: 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்கு மேல் கரித்தால் புண் எரியும். ஒரு வாய் எடுத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அந்தப் பக்கம் அரை நிமிடம் நிறுத்தி, வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள். முதல் நாள் கொப்பளிக்கும் வேகம் வேண்டாம். மறுநாள் முதல் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் என்று நான்கு தடவை, ஐந்து நாள் செய்தால் போதும்.

கன்னம் கனமாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை வெளிப்புறம் 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் எடுத்து விடலாம். இது முதல் நாளுக்கு மட்டும். நீண்ட நேரம் திறந்தே இருந்த வாயில் தாடை மூட்டு வலிப்பதும், ஊசி போட்ட இடம் இரண்டு நாள் தொட்டால் நோவதும் இயல்பு.

மவுத்வாஷ்: அளவும் நேரமும்

பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் எழுதிக் கொடுப்பார்கள். 0.2 சதவீதம் என்றால் ஒரு வேளைக்கு 10 மி.லி., 0.12 சதவீதம் என்றால் 15 மி.லி. காலையும் இரவும், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், தண்ணீர் கலக்காமல். தண்ணீர் சேர்க்கச் சொல்லி டாக்டரே எழுதியிருந்தால் அது வேறு.

இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பல் துலக்கிய கையோடு மவுத்வாஷ் ஊற்றிக்கொள்வது முதல் தவறு. பேஸ்டில் நுரை வரவைக்கும் பொருள் குளோர்ஹெக்சிடினின் வீரியத்தைக் குறைத்துவிடும், குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். அடுத்தது, துப்பியதும் கசக்கிறதென்று தண்ணீரில் கொப்பளிப்பது. பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்வதுதான் இந்த மருந்தின் சிறப்பே, கழுவிவிட்டால் காசு வீண். மூன்றாவது, நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடர்வது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை ஏறும், உப்பு ருசி மந்தமாகும். டீயும் காப்பியும் அந்தக் கறையைக் கூட்டும், எனவே டீ குடித்து முடித்த பிறகு மவுத்வாஷுக்குப் போங்கள்.

மவுத்வாஷ் பாக்கெட்டின் அடிவரை போகாது. பிரஷ் செய்ய முடியாத நாட்களுக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு, அவ்வளவுதான்.

பிரஷ்ஷும் சந்து பிரஷ்ஷும்

மூன்றாம் நாளிலிருந்து முறையாகத் துலக்கத் தொடங்கலாம். பிரஷ்ஷின் முடியை ஈறும் பல்லும் சேரும் கோட்டில், ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து வையுங்கள். முடியின் நுனி ஈறு விளிம்புக்குள் லேசாக நுழைய வேண்டும். அந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாகச் சின்ன அதிர்வு பத்துத் தடவை, பிறகு இரண்டு பல் தள்ளி அடுத்த இடம். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் இதை வகுத்தார். அவர் பல் டாக்டரே அல்ல என்பது ஒரு வேடிக்கை. ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் விரல்நுனியில் பிடித்துப் பார்க்கலாம், அழுத்தம் தானாகக் குறையும். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அங்கே இருப்பதால் காரை மிக வேகமாகப் படிவது அந்த இடத்தில்தான்.

ஆனால் பாக்கெட் நோய் அதிகம் குடியிருப்பது இரண்டு பற்களுக்கு நடுவில். சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. நோவு தணிந்ததும், பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில், இன்டர்டென்டல் பிரஷ் தொடங்க வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அளவு பல சந்துகளுக்குப் பல மாதிரி. கீழ் முன்பற்களுக்கு 0.4, 0.5 மி.மீ. சரியாக இருக்கும். கடைவாய்ப் பற்களுக்கு 0.7 முதல் 1.1 மி.மீ. வரை தேவைப்படலாம். ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவுகள் வாங்க நேரும். கம்பி பல்லில் உரசாமல், முடி மட்டும் லேசாக இறுகிப் போவதுதான் சரியான அளவு. தொளதொளவென்று போனால் அது சுத்தம் செய்யவில்லை. வளைந்து மடங்கினால் அளவு பெரிது, திணிக்க வேண்டாம். முதல் தடவை டாக்டரிடமே அளவு பார்த்துக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

பேஸ்ட் இல்லாமல், தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு சந்திலும் இரண்டு மூன்று தடவை உள்ளே வெளியே. இரவில் ஒரு முறை போதும். ஃபிளாஸ் நூல் நெருக்கமான சந்துக்கு நல்லது. ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் அதற்கு ஒரு குறை உண்டு. கடைவாய்ப் பல்லின் வேர் பக்கவாட்டில் குழிந்திருக்கும், இழுத்துப் பிடித்த நூல் குழிக்கு மேலே பாலம் போல நின்றுவிடும். பிரஷ்ஷின் முடிதான் குழிக்குள் இறங்கும். ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்குச்சி எதுவும் வேண்டாம். புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈறை அவை கிழித்துவிடும்.

முதல் வாரம் சந்து பிரஷ் சிவந்து வெளியே வரும். நிறுத்தாதீர்கள். அழுக்கு இருக்கும் இடம்தான் ரத்தம் கசியும், தினமும் சுத்தம் செய்தால் ஏழு முதல் பத்து நாளில் கசிவு அடங்கும். அடங்காத சந்து எது என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள், அங்கே காரை மிச்சமிருக்கலாம்.

ஒரு விதிவிலக்கு: பாக்கெட்டுக்குள் மருந்து நாரோ ஜெல்லோ சில்லோ வைத்திருந்தால் அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் சந்து பிரஷ்ஷும் நூலும் பத்து நாள் வேண்டாம். மருந்து வெளியே வந்துவிடும். வைத்தார்களா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கூச்சம்

காரை போர்வையாக மூடியிருந்த வேர் இப்போது வெளியே நிற்கிறது. வேரில் எனாமல் கிடையாது. அதன் மேலுறை கழுத்துப் பகுதியில் மிக மெல்லியது, அடியில் உள்ள பகுதியில் நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. குளிர்ச்சியோ காற்றோ பட்டால் குழாயில் உள்ள திரவம் நகர்கிறது, நரம்பு அதை வலியாக உணர்கிறது. முதல் வாரம் கூச்சம் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும்.

5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்டைக் காலையும் இரவும் பயன்படுத்துங்கள். இரவில் துலக்கிய பிறகு பட்டாணி அளவு பேஸ்டை விரலில் எடுத்துக் கூசும் பல்லின் கழுத்தில் ஒரு நிமிடம் தடவி, துப்பிவிட்டு, தண்ணீரில் அலசாமல் படுங்கள். இது வேலை காட்ட இரண்டு வாரமாவது ஆகும். நான்கு நாளில் பலனில்லை என்று பேஸ்டை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் கேட்காது. தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள். அன்று சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம்.

இந்தக் காலத்தில் கரிப்பொடி, செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி, உப்பை விரலில் தொட்டுத் தேய்ப்பது எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். எனாமல் தாங்கும் உரசலை வேர் தாங்காது, கழுத்தில் பள்ளம் விழும். எலுமிச்சை, புளிக்காய்ச்சல், கோலா போன்ற புளிப்பு உள்ளே போனதும் தண்ணீரால் அலசிவிட்டு, அரை மணி கழித்தே துலக்குங்கள்.

சாப்பாடு

இரண்டு மூன்று நாளுக்கு இட்லி, குழைந்த சாதத்தில் பருப்பு, இடியாப்பம் பால், அவித்த முட்டை, வாழைப்பழம், கூழ், கஞ்சி. தயிர் சாதம் நல்லது, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததாக இருக்கக் கூடாது. தாளித்த கடுகை மறந்துவிடாதீர்கள். ஒற்றைக் கடுகு திறந்த பாக்கெட்டுக்குள் இறங்கி உட்கார்ந்தால் இரண்டு நாளில் ஈறு வீங்கும். கொய்யா விதை, எள்ளுருண்டை, ரவை முறுக்கு, பொரி, பாப்கார்ன், மீன் முள் எல்லாம் இதே வகை, ஒரு வாரம் தள்ளி வையுங்கள். காரக் குழம்பு புண்ணை ஆறவிடாமல் செய்யாது, எரியும், அவ்வளவுதான்.

புகையிலை, வெற்றிலை, மது

குறைந்தது 72 மணி நேரம் பீடி, சிகரெட் கூடாது. நிகோடின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் புண் ஆறத் தேவையான ரத்தம் வராது. புகைப்பவருக்கு ஈறில் ரத்தம் அதிகம் கசியாததும் இதனால்தான். நோய் இல்லை என்று ஏமாந்துபோவார்கள். வாயில் அடக்கும் புகையிலை இன்னும் மோசம், அது புண்ணின் மேலேயே கிடக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு பச்சை ஈறைப் புண்ணாக்கிவிடும், பாக்குத் துகள் பாக்கெட்டில் சிக்கும். மது ஒரு நாளாவது வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தால் அது முடிந்து மூன்று நாள் வரை ஒரு சொட்டும் கூடாது, வாந்தியும் படபடப்பும் வரலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அந்த நாட்களில் வேண்டாம்.

கைவைத்தியத்தில் கிராம்புத் தைலத்தைப் பச்சை ஈறில் வைப்பது ஆபத்து, அது தோலைச் சுட்டுவிடும். எண்ணெய் கொப்பளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஒரு வாரம் கழித்துத் தொடரலாம். காரை வருவதைத் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம்

15 நிமிட அழுத்தத்தை இரண்டு தடவை செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றே போங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலி கூடினால், ஈறில் உருண்டையாக வீக்கம் எழும்பினால், அழுத்தினால் சீழ் வந்தால், அடியில் மிச்சமிருக்கும் காரைதான் பெரும்பாலும் காரணம். பாக்கெட்டின் வாய் இறுகி மூடிவிட, அடியில் அழுக்கு சிக்கிக் கட்டியாகிறது. இதற்குத் திறந்து சுத்தம் செய்வதுதான் மருந்து. மெடிக்கல் கடையில் மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் அமுங்கி, பிறகு திரும்பி வரும்.

முதல் நாள் லேசான உடல் வெதுவெதுப்பு போய்விடும். 101 டிகிரியைத் தாண்டினாலோ, தாடைக்கடியில் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ தாமதிக்கக் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேரே மருத்துவமனை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களும் முன்பு இதய உட்சவ்வு அழற்சி வந்தவர்களும் அடுத்த சில வாரங்களில் காரணமில்லாத காய்ச்சல் வந்தால் இதய டாக்டரிடம் பல் சிகிச்சை செய்ததைச் சொல்ல வேண்டும். குளிர்ச்சிக்கு ஒரு நொடி கூசுவது வேறு. சூடுபட்டு வலித்து நிமிடக்கணக்கில் நிற்பது, ராத்திரி தூக்கத்தில் விண்விண் என்று தெறிப்பது நரம்பு சம்பந்தப்பட்டது, அதற்குக் கூச்ச பேஸ்ட் போதாது.

ஆறாம் வாரம், மூன்றாம் மாதம்

நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி பாக்கெட் அளப்பார்கள். அதற்கு முன்பே அளந்தால் இளம் ஒட்டு பிய்ந்துவிடும் என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். 4 முதல் 6 மி.மீ. பாக்கெட் சராசரியாக ஒரு மி.மீ. குறையும், 7 மி.மீ.க்கு மேற்பட்டது இரண்டு மி.மீ. வரை குறையும். அதற்குள் பல்லாட்டமும் ஓரளவு இறுகியிருக்கும். 5 மி.மீ.க்கு மேல் ஆழமும் ரத்தக் கசிவும் சேர்ந்து நிற்கும் இடங்களில் மீண்டும் சுத்தம் செய்வதா, ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் சிகிச்சையா என்று அப்போது முடிவாகும். கரைந்த எலும்பு திரும்ப வளர்வது அபூர்வம். சந்து மூடிக்கொள்ளும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தால், நல்ல ஈறு சிகிச்சைக்குப் பிறகு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் மந்தப்படும், எனவே அந்த வாரங்களில் மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அடுத்த கிளீனிங்கை மூன்றாம் மாதம் வையுங்கள். ஆறு மாதம் என்பது ஈறு நோய் இல்லாதவர்களின் கணக்கு. ஆழமான பாக்கெட்டில் கிருமிக்கூட்டம் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் பழையபடி சேர்ந்துவிடும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய், கசிவு இல்லாமல் அளவுகள் நிலையாக நின்றால் இடைவெளியைக் கூட்டுவதை டாக்டர் முடிவு செய்வார். ஒவ்வொரு தடவையும் பல்வாரியாகப் பாக்கெட் அளவு எழுதிய தாளைக் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வையுங்கள். ஊர் மாறினாலோ டாக்டர் மாறினாலோ, எந்தப் பல் எத்தனை மி.மீ.யில் இருந்தது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.